புள்ளிகளா, கழிவு விலையா? ஹோட்டல் அறைக்குப் பணம் கட்டுமுன் போட வேண்டிய கணக்கு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வசிக்கும் ஒரு குடும்பம் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை ஹோட்டலில் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை சென்னைக்கு, வைத்தியத்துக்கோ கலியாணச் சேலை எடுக்கவோ. ஒரு தடவை பாடசாலை விடுமுறையில் பெந்தோட்டைக்கோ திருகோணமலைக்கோ. இன்னொரு தடவை சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ உள்ள உறவினரின் வீட்டு விசேடத்துக்கு. வேலை நிமித்தம் பயணம் செய்பவர் ஒருவர் அந்த வீட்டில் இருந்தால், அவருடைய பெயரில் ஏதாவதொரு ஹோட்டல் குழுமத்தின் உறுப்பினர் கணக்கில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் புள்ளிகள் சேர்ந்திருக்கும். அந்தப் புள்ளிகளைக் கொடுத்து அறை எடுப்பதா, அல்லது முற்பதிவுத் தளம் காட்டும் கழிவு விலையைக் கட்டிவிட்டுப் புள்ளிகளைத் தொடாமல் வைத்திருப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு பயணத்திலும் எழுகிறது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்குக் கிடையாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று உண்டு, அதில் பெரும்பாலானோர் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள்: புள்ளியின் பெறுமதியை ஹோட்டல் விளம்பரப்படுத்தும் விலையோடு ஒப்பிடுகிறார்களே தவிர, தாம் உண்மையில் கட்டியிருக்கக்கூடிய விலையோடு ஒப்பிடுவதில்லை.

முழு விலையைக் கையில் எடுத்தல்

முதலில் காசு விலையை வரியோடும் சேவைக் கட்டணத்தோடும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். புள்ளிகளால் எடுக்கும் அறைக்குப் பெரும்பாலான திட்டங்களில் அறை வரி தனியாக வருவதில்லை. காசு விலையோ பல தளங்களில் வரி சேர்க்காமலே முதல் பக்கத்தில் தெரியும். இரண்டையும் அப்படியே அருகருகே வைத்தால் புள்ளிகள் உள்ளதைவிடக் குறைந்த பெறுமதி உடையவையாகத் தோன்றும்.

இலங்கையில் இந்த வேறுபாடு பெரியது. ஹோட்டல்காரர் "பிளஸ் பிளஸ்" என்று சொல்லும் விலைக்கு மேல் 10 சதவீத சேவைக் கட்டணம் வரும். அதன் மேல் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி வரும். இவற்றின் மேல் 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரி வரும். ஒன்றின் மேல் ஒன்றாக இவை ஏறும்போது 30,000 ரூபாய் என்று கேட்ட அறை ஏறத்தாழ 39,900 ரூபாயாகிவிடும். ஆகவே தொலைபேசியில் விலை கேட்கும்போது முதற் கேள்வி "இது நெட் விலையா, பிளஸ் பிளஸா?" என்பதாகவே இருக்க வேண்டும். இந்தியாவில் ஓர் இரவுக்கு 7,500 இந்திய ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, சென்னையின் பெரிய ஹோட்டல்கள் அனேகமாக அந்த வரம்புக்கு மேலேயே இருக்கும்.

வெளிநாட்டு அறையாயின், டொலரை ரூபாயாக்கும்போது கூகுள் காட்டும் மாற்று விகிதத்தை எடுக்க வேண்டாம். உங்கள் கடனட்டையின் கடைசி மாதக் கூற்றை எடுத்து, வெளிநாட்டுச் செலவு ஒன்றுக்கு வங்கி உண்மையில் எத்தனை ரூபாய் அறவிட்டது என்று பார்த்து, அந்த விகிதத்தையே பயன்படுத்துங்கள். வங்கியின் மாற்று விலையும் அதன் மேல் வரும் கட்டணமும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும்.

ஒரு புள்ளிக்கு எத்தனை சதம்?

வாய்பாடு எளிது. காசு விலையிலிருந்து, புள்ளிகளால் எடுத்தாலும் கையால் கட்ட வேண்டியிருக்கும் கட்டணங்களைக் கழியுங்கள். வரும் தொகையைத் தேவைப்படும் புள்ளிகளால் வகுத்தால், அந்தத் தங்கலில் ஒரு புள்ளி உங்களுக்கு எத்தனை சதம் பெற்றுத் தருகிறது என்பது தெரிந்துவிடும். இந்த விடையை வைத்துப் பார்க்க ஓர் அடிமட்டம் வேண்டும். அதற்குக் கீழே புள்ளியைச் செலவழிப்பதில்லை என்று நீங்களே விதித்துக்கொள்ளும் எல்லை அது. சில ஹோட்டல் குழுமங்களின் புள்ளிகளுக்கு நான் வைத்திருக்கும் எல்லைகள் இவை: மரியட் பொன்வோய் புள்ளிக்கு 0.7 அமெரிக்க சதம், ஹில்டன் ஓனர்ஸ் புள்ளிக்கு 0.4, ஐ.எச்.ஜி. புள்ளிக்கு 0.5, ஹயாத் புள்ளிக்கு 1.5. எண்கள் இவ்வளவு வேறுபடுவதால் ஒரு திட்டம் மற்றதைவிட மட்டமானது என்று ஆகிவிடாது. ஹயாத் ஒரு டொலருக்கு 5 புள்ளிகள்தான் தருகிறது. மரியட், ஹில்டன், ஐ.எச்.ஜி. மூன்றும் தம் பெரும்பாலான ஹோட்டல்களில் 10 தருகின்றன. புள்ளி எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்வதோ மனம் சோர்வதோ வேண்டாம்; சதமாக மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

அக்கோர் குழுமத்தில் இந்தக் கணக்கே தேவையில்லை. அங்கே 2,000 புள்ளிகள் எப்போதும் 40 யூரோ. காசு விலை குறைந்திருந்தாலும் கூடியிருந்தாலும் அதே பெறுமதிதான். நம் சினமன் ஹோட்டல்கள் சேர்ந்திருக்கும் ஜி.எச்.ஏ. டிஸ்கவரி திட்டமும் ஏறத்தாழ இவ்வகைதான்: அதன் ஒரு டிஸ்கவரி டொலர் ஓர் அமெரிக்க டொலருக்குச் சமம். இத்தகைய நிலைப் பெறுமதித் திட்டங்களில் "எப்போது செலவழிப்பது" என்ற தவிப்பு இல்லை. காலாவதியாகுமுன் செலவழித்தால் போதும்.

எந்த விலையோடு ஒப்பிடுவது

இதுவே கணக்கின் உயிர்நாடி. ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

சென்னையில் ஒரு ஹோட்டல். அதன் சொந்த இணையத்தளத்தில் உறுப்பினர் விலை, கடைசி நாள் வரை இரத்துச் செய்யக்கூடியது, வரியோடு 140 டொலர். கழிவுத் தளம் ஒன்றில் அதே அறை, முன்கூட்டியே பணம் கட்டி, இரத்துச் செய்ய முடியாத நிபந்தனையில், வரியோடு 118 டொலர். புள்ளிகளில் எடுத்தால் ஓர் இரவுக்கு 18,000. தியாகராய நகரில் துணிக்கடைகளுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில், நீங்கள் முன்பு தங்கிய, குறை சொல்ல முடியாத ஒரு விடுதி 60 டொலர்.

140 டொலரை வைத்து வகுத்தால் ஒரு புள்ளி 0.78 சதம் தருகிறது. 118ஐ வைத்தால் 0.66, 60ஐ வைத்தால் 0.33. மூன்றும் சரியான கணக்குகளே, ஆனால் உங்களுக்குப் பொருந்துவது ஒன்றுதான். புள்ளிகள் இல்லாதிருந்தால் எந்த அறைக்குப் பணம் கட்டியிருப்பீர்களோ அதன் விலையே உங்களுடைய ஒப்பீட்டு விலை. பணம் கட்டும்போது 60 டொலர் விடுதியில் தங்கிவிட்டு, புள்ளி கொடுக்கும்போது மட்டும் 140 டொலர் மிச்சம் பிடித்ததாக நினைப்பது பொருந்தாது. உண்மையில் மிச்சமானது 60. ஒரு தடவையாவது பெற்றோரை வசதியான இடத்தில் தங்கவைக்க வேண்டும் என்பதற்காகப் புள்ளிகளைக் கொடுப்பதில் எந்தப் பிழையும் இல்லை. அதை மிச்சம் என்று எழுதாமல் செலவு என்று எழுதினால் போதும்.

இன்னொரு திருத்தமும் செய்ய வேண்டும். சொந்தத் தளத்தில் 140 டொலர் கட்டினால், வரி நீங்கிய ஏறத்தாழ 119 டொலருக்குப் பத்துப் பத்தாக 1,190 புள்ளிகள் சேரும். புள்ளிக்கு 0.7 சதம் என்று வைத்தால் அது எட்டு டொலர் அளவு பெறும். புள்ளிகளால் அறை எடுத்தால் இந்த எட்டு டொலர் கிடைக்காது. எனவே 140ஐ 132 என்று எடுத்து வகுத்தால் 0.73 சதம். கழிவுத் தளத்தின் 118க்கு இந்தத் திருத்தம் தேவையில்லை, ஏனெனில் அங்கே பதிவு செய்தால் ஹோட்டல் குழுமத்தின் புள்ளிகள் பொதுவாகச் சேர்வதே இல்லை.

இப்போது அடிமட்டம் 0.7 என்று வைத்திருப்பவர் என்ன செய்வார்? பயணத் தேதி உறுதியானால் அவர் 118 டொலரைக் கட்டிவிட்டுப் புள்ளிகளை வைத்திருப்பார், ஏனெனில் 0.66 அடிமட்டத்துக்குக் கீழே. தேதி உறுதியில்லையானால் இரத்துச் செய்ய முடியாத 118 அவருக்குக் கிடைக்கக்கூடிய விலையே அல்ல. 132தான் ஒப்பீடு, புள்ளிகளால் எடுப்பதே நல்லது. பயணத்தின் உறுதிதான் ஒப்பீட்டு விலையைத் தீர்மானிக்கிறது. இதை நான் அனுபவத்தில் கற்றேன். என் தாயாரின் கண் சத்திரசிகிச்சைக்காகச் சென்னையில் இரத்துச் செய்ய முடியாத கழிவு விலையில் நான்கு இரவுகள் எடுத்திருந்தேன். இரத்தச் சர்க்கரை கூடியிருந்ததால் வைத்தியர் சிகிச்சையை ஒன்பது நாட்கள் தள்ளிவைத்தார், கட்டிய பணம் முழுவதும் போயிற்று. அப்போது என் கணக்கில் அந்த நான்கு இரவுகளுக்கும் போதுமான புள்ளிகள் இருந்தன. புள்ளிகளால் எடுக்கும் அறையைப் பெரும்பாலும் வருகைக்கு ஓரிரு நாள் முன்பு வரை இரத்துச் செய்து, புள்ளிகளை முழுமையாகத் திரும்பப் பெறலாம். வைத்தியப் பயணம், விசாவுக்குக் காத்திருக்கும் பயணம், முதியவர்களோடு போகும் பயணம் ஆகிய மூன்றுக்கும் இரத்துச் செய்ய முடியாத கழிவை நான் இப்போது கணக்கிலேயே எடுப்பதில்லை.

நீண்ட தங்கலில் கணக்கு திடீரென மாறும். மரியட்டில் புள்ளிகளால் ஐந்து இரவுகள் தொடர்ந்து எடுத்தால் நான்குக்குத்தான் புள்ளிகள் கழியும். ஹில்டனில் வெள்ளி நிலை (அடிக்கடி தங்குவோருக்குத் தரும் உறுப்பினர் தரங்களில் ஒன்று) அல்லது அதற்கு மேல் உள்ள உறுப்பினருக்கு ஐந்தாம் இரவு இலவசம். மேற்படி உதாரணத்தில் ஐந்து இரவுக்கு 72,000 புள்ளிகள், அதாவது இரவுக்கு 14,400. அதே 118 டொலரோடு ஒப்பிட்டாலும் புள்ளி 0.82 சதம் பெறுகிறது. நான்கு இரவுக்குத் தோற்ற புள்ளிகள் ஐந்து இரவுக்கு வென்றுவிடுகின்றன.

கழிவுத் தளத்தில் கிடைப்பதும் கிடைக்காததும்

கழிவுத் தளங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆண்டுக்கு இரண்டு தடவை மட்டும் தங்குபவருக்கு, அதுவும் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஹோட்டல்களில் தங்குபவருக்கு, அவையே பெரும்பாலும் சரியானவை. புக்கிங்.கொம் தளத்தின் ஜீனியஸ் திட்டத்தில் முதல் நிலையிலேயே பங்கேற்கும் இடங்களில் 10 சதவீதக் கழிவு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் ஐந்து தங்கல்களை முடித்தால் இரண்டாம் நிலை, பதினைந்தை முடித்தால் மூன்றாம் நிலை. ஹோட்டல் புள்ளிகள் ஒரு தங்கலில் திருப்பித் தருவது, மேலே கண்டபடி, ஐந்து ஆறு சதவீதம்தான். இன்று கையில் கிடைக்கும் பத்து சதவீதம், எப்போதாவது பயன்படுத்தப்போகும் ஆறு சதவீதத்தை வெல்லும்.

ஆனால் உறுப்பினர் நிலை ஏதாவது உள்ளவர் கழிவுத் தளத்தில் எடுக்குமுன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மூன்றாந்தரப்பில் எடுத்த அறைக்கு உறுப்பினர் சலுகைகளைத் தர ஹோட்டலுக்குக் கடப்பாடு இல்லை. ஹில்டனில் தங்க நிலை உள்ளவருக்கு அமெரிக்காவுக்கு வெளியே காலை உணவு இலவசம். இருவர் தங்கும் அறையில் காலை உணவுக்குத் தனியாக ஆளுக்குப் பன்னிரண்டு டொலர் கட்ட நேர்ந்தால், 22 டொலர் கழிவு அங்கேயே கரைந்துவிடும். காலையில் சங்கீதாவிலோ சரவண பவனிலோ இட்லி சாப்பிடப் போகிறவருக்கு அந்த இலவசம் பூச்சியம். உங்கள் வீட்டார் காலையில் எங்கே சாப்பிடுவார்கள் என்பதை உண்மையாகச் சொல்லிக்கொண்டு கணக்கில் எழுதுங்கள்.

இரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு, நம்மவர் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை. பெரிய குழுமங்கள் மிகக் குறைந்த விலைக்கு உத்தரவாதம் தருகின்றன. குழுமத்தின் சொந்தத் தளத்தில் பதிவு செய்த 24 மணித்தியாலத்துக்குள், அதே ஹோட்டல், அதே அறை வகை, அதே தேதிகள், அதே இரத்து நிபந்தனை ஆகியவற்றோடு வேறு தளத்தில் குறைந்த விலை இருப்பதைக் காட்டினால், மரியட்டும் ஹில்டனும் அந்த விலைக்கு இறங்கி, அதற்கு மேல் 25 சதவீதமும் கழிக்கின்றன. மரியட்டில் அதற்குப் பதிலாக 5,000 புள்ளிகளையும் கேட்கலாம். வெளியே இரத்துச் செய்யக்கூடிய விலை 120 டொலர் என்று கண்டால், உங்களுக்கு ஏறத்தாழ 90 டொலருக்கு அறை கிடைக்கும், புள்ளிகளும் சேரும். நிபந்தனைகளில் ஒன்று பிசகினாலும் மறுத்துவிடுவார்கள் என்பதால், அறை வகையின் பெயர், உணவு சேர்ந்ததா, இரத்துக் கடைசித் தேதி ஆகியவை தெளிவாகத் தெரியும்படி திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டே கோரிக்கையை அனுப்ப வேண்டும். உறுப்பினராய் உள்நுழைந்தால் மட்டும் தெரியும் விலை இதற்குச் செல்லாது. பொதுவில் எவரும் காணக்கூடிய விலையாக இருக்க வேண்டும்.

இலங்கைக்குள் தங்குவதானால்

உள்ளூர்ப் பயணத்தில் மேற்கண்ட இரண்டையும் அடிக்கும் விலைகள் பெரும்பாலும் எந்தச் சர்வதேசத் தளத்திலும் தெரிவதில்லை. ஒன்று, தேசிய அடையாள அட்டை உள்ளவருக்கான உள்நாட்டவர் விலை. இதற்கு ஹோட்டலின் முற்பதிவுப் பிரிவை நேரடியாக அழைக்க வேண்டும். மற்றது, வங்கிக் கடனட்டைக் கழிவு. ஏப்ரல் புத்தாண்டுக்கும் டிசெம்பருக்கும் முன்னதாக வங்கிகள் தம் அட்டைக்காரருக்கு 25 சதவீதம் முதல் சில வேளைகளில் பாதி விலை வரை கழிவு அறிவிப்பதுண்டு. வங்கியின் பட்டியலைப் படிக்கும்போது கழிவுச் சதவீதத்தைவிட மூன்று விடயங்களைத் தேடுங்கள்: எந்த விலையிலிருந்து கழிக்கிறார்கள், போயா நீண்ட வார இறுதிகள் விலக்கப்பட்டுள்ளனவா, முழு உணவோடு எடுத்தால் மட்டும்தானா. சாதாரண நாளில் 45,000 ரூபாய்க்குக் கிடைக்கும் அறையை 70,000 என்று வைத்து முப்பது சதவீதம் கழித்தால் 49,000 ஆகிறது. கழிவு இல்லாமல் எடுத்திருந்தாலே மலிவு. உள்நாட்டவர் விலைக்குப் புள்ளிகள் சேருமா என்பதையும் கேட்டுவிடுங்கள். சேராது என்றே விடை வரக்கூடும், வந்தாலும் விலை வேறுபாடு பெரியதாயின் அதற்காக வருந்த வேண்டியதில்லை.

புள்ளிகள் இலங்கைக்குள் உதவுவது விலை ஏறும் நாட்களில்தான். வெசாக், டிசெம்பர் இறுதி போன்ற நாட்களில் கரையோர ஹோட்டல்களின் காசு விலை இரட்டிக்கும்போது, சாதாரண அறையைப் புள்ளிகளுக்கு இன்னும் விட்டுவைத்திருந்தால், அதே புள்ளி இரு மடங்கு சதம் பெறும். ஆனால் ஹில்டன் 2017இலும் மரியட் 2022 மார்ச்சிலும் நிலையான புள்ளி அட்டவணையைக் கைவிட்டுவிட்டதால், அவற்றில் புள்ளி விலையும் காசு விலையோடு ஏறக்கூடும். ஊகிக்காமல் தேதியைப் போட்டுப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி தேவைப்படாது. அங்கே நம்மவர் தங்கும் இடங்கள் பெரும்பாலும் இந்தத் திட்டங்களுக்கு வெளியே உள்ளவை, நேரடியாகப் பேசுவதே வழி.

ரூபாய் விழும்போது

கொழும்பில் இருப்பவருக்கு இன்னொரு காரணியும் உண்டு. வெளிநாட்டார் எழுதும் வழிகாட்டிகளில் அது இருப்பதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. அந்த வாரங்களில் வெளிநாட்டுப் பயணத்தைத் தவிர்க்க முடியாதவர்களுக்கு, புள்ளிகளால் எடுத்த அறைக்கு ரூபாயில் ஒரு சதமும் கூடவில்லை. புள்ளி, நம் கையில் இருக்கும் சிறிய வெளிநாட்டு நாணயம் போன்றது. ஆகையால் ஓர் அவசரப் பயணத்துக்கு, மூன்று நான்கு இரவுகளுக்குப் போதுமான புள்ளிகளைக் கணக்கில் வைத்திருப்பதை நான் ஆதரிக்கிறேன். அதற்கு மேல் சேர்த்துவைப்பதை ஆதரிக்கவில்லை. குழுமம் எந்த நாளிலும் புள்ளி விலையை உயர்த்தலாம், வட்டியும் கிடையாது.

காலாவதியையும் கவனிக்க வேண்டும். மரியட், ஹில்டன், ஹயாத் ஆகியவற்றில் 24 மாதங்கள் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் புள்ளிகள் போய்விடும், அக்கோரில் 12 மாதங்கள், ஐ.எச்.ஜி.யின் அடி நிலை உறுப்பினருக்கும் 12 மாதங்கள். காலாவதிக்கு மூன்று மாதமே இருக்கும் புள்ளிகளுக்கு அடிமட்ட விதியைப் பார்க்க வேண்டாம், 0.5 சதம் கிடைத்தாலும் எடுத்துவிடுங்கள். வீட்டில் இருவரின் கணக்கில் சிதறிக் கிடந்தால், ஹில்டன் போன்ற சில திட்டங்கள் அவற்றைக் கட்டணமின்றி ஒருவர் கணக்கில் சேர்க்க அனுமதிக்கின்றன. கலியாணத்துக்குப் பல அறைகள் எடுப்பவர், மரியட்டில் தானும் தங்கித் தானே பணம் கட்டினால் மூன்று அறைகள் வரைக்கும் புள்ளிகள் பெறலாம்.

பணம் கட்டிய பிறகு

எந்த வழியில் எடுத்தாலும், இரத்துச் செய்யக்கூடிய பதிவாக இருந்தால், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு விலையை மறுபடியும் பாருங்கள். காசு விலை இறங்கியிருந்தால் புள்ளிப் பதிவை விட்டுக் காசுக்கு மாறலாம். புள்ளி விலை இறங்கியிருந்தால் புதிதாகப் பதிந்து பழையதை இரத்துச் செய்யலாம். புதிய பதிவு உறுதியான மின்னஞ்சல் வந்த பிறகே பழையதைக் கைவிட வேண்டும். செக்-இன் வேளையில் உங்கள் உறுப்பினர் எண் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெயரின் முதலெழுத்தும் தந்தை பெயரும் இடம் மாறிய நம் கடவுச்சீட்டுப் பெயர்களால் கணக்கு பொருந்தாமல் போவதுண்டு. வெளியேறும்போது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். இரண்டு வாரமாகியும் புள்ளிகள் வரவில்லையென்றால், விடுபட்ட தங்கலுக்கான கோரிக்கைப் படிவத்தைக் குழுமத்தின் தளத்தில் நிரப்பும்போது, அந்தப் பற்றுச்சீட்டின் இலக்கத்தையே முதலில் கேட்பார்கள்.